கோச்சிப் படங்கள்: ஜூலைக் குறிப்புகள்

2025 ஜூலை 6, ஞாயிறு

இலங்கையின் கிழக்கில் எடுத்த படத்தில் இரும்புப் பாலம் ஒன்று தெரிந்தால் போதும், பின்பக்கத்தில் ‘கல்லடிப் பாலம்’ என்று எழுதிவிடுவார்கள். மாமி தந்த அல்பத்திலும் அதே கதை. மாமியின் தகப்பனார் ரயில்வேயில் வேலை செய்தவர். போன இடமெல்லாம் படம் எடுத்து வைத்திருக்கிறார், புண்ணியவான். ஒன்றிலும் திகதி போடவில்லை.

படம் இதுதான். பாலத்தின் இரும்புக் கூட்டுக்குள்ளிருந்து டீசல் எஞ்சின் ஒன்று வெளியே வருகிறது. இந்தக் கரையில் ஒரு லொறி ஒதுங்கி நிற்கிறது. கீழே தண்ணீர், நடுவில் தூண்கள்.

கல்லடிப் பாலத்தில் தண்டவாளமே கிடையாது. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் 1924இல் திறந்த பாலம் அது. வண்டில், சைக்கிள், பிறகு பஸ் என்று போனது. மட்டக்களப்புக்குக் கோச்சி, அதாவது ரயில், வந்ததே 1928இல்தான். வந்த பாதையும் நகர ஸ்டேசனோடு நின்றுவிட்டது, கடலோடு சேரும் வாவியைத் தாண்டிக் கல்லடிப் பக்கம் போகவில்லை. எஞ்சின் நிற்கிற பாலம் கல்லடியாக இருக்க வழியே இல்லை.

மிஞ்சுவது ஓட்டமாவடியும் மன்னம்பிட்டியும். இரண்டு இடத்திலும் கோச்சியும் லொறியும் ஒரே பாலத்தால்தான் போய்வந்தன. கோச்சி வரும்போது மற்றவை கரையில் காத்து நிற்கவேண்டும். படத்தில் லொறி ஒதுங்கி நிற்பது அதனால்தான்.

ஜூலை 8, செவ்வாய்

எஞ்சினின் நெற்றியில் 74 என்பது தெளிவாகத் தெரிகிறது. மூன்றாவது எண் வெயில் பட்டு வெளுத்துப்போயிருக்கிறது. நீளமான உடம்பு. அப்படியென்றால் எம்4 வகை எஞ்சின். 743 முதல் 756 வரை இலக்கம் போட்டவை. கனடாவில், மொன்றியல் தொழிற்சாலையில் செய்து 1975இல் வந்தவை.

நண்பன் உடனே பென்சிலை எடுத்து ‘1975’ என்று எழுதப் போனான். விடவில்லை. எஞ்சினை வைத்து, படம் எந்த வருசத்துக்கு முந்தியதாக இருக்காது என்று சொல்லலாம், அவ்வளவுதான். 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம்2 எஞ்சின்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்டாரியோ, அல்பேர்ட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர் வைத்த எஞ்சின்கள். அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் அவை ஓடிக்கொண்டிருந்தன. அல்பேர்ட்டா நிற்கிற படத்தைக் காட்டி வருசம் கேட்டால் நான் என்ன சொல்ல?

எஞ்சின் பைத்தியங்கள் இலக்கத்தைக் கண்டதும் படத்தை மூடிவைத்துவிடுகிறார்கள். மாட்டின் சூட்டுக்குறியைப் பார்த்து அது மேய்ந்த ஊரைச் சொல்ல முடியுமா?

மற்ற எல்லையை லொறி தருகிறது. மன்னம்பிட்டியில் ஜப்பான் உதவியோடு றோட்டுக்கென்று தனிப் பாலம் திறந்தது 2007இல். அதற்குப் பிறகு பழைய பாலத்தின் வாசலில் லொறி காத்து நிற்கத் தேவையில்லை. இடம் மன்னம்பிட்டி என்றால் 1975க்கும் 2007க்கும் நடுவில். ஆனால் இடம் இன்னும் தெரியவில்லையே.

ஜூலை 10, வியாழன், போயா (பௌர்ணமி விடுமுறை)

ஓட்டமாவடிக்குப் போனோம். கச்சான் காற்று முகத்தில் அனலாய் அடித்தது. பாலத்தடியில் முஸ்லிம் பெரியவர் ஒருவர், எங்கள் பக்கத்துப் பேச்சில் காக்கா, வலை பொத்திக்கொண்டிருந்தார். படத்தை நீட்டினேன். பாலத்தை அவர் பார்க்கவே இல்லை. கண் நேரே கீழே, தண்ணீருக்குப் போனது.

“இது எங்கட தண்ணி இல்ல தம்பி.”

எப்படி என்று கேட்டேன். ஊசியின் நுனியால் ஒரு தூணின் அடியைத் தொட்டுக் காட்டினார். தூணின் ஒரு பக்கத்தில் தண்ணீர் வெள்ளையாகப் பிளந்து போகிறது. மறுபக்கத்தில் நாக்கு மாதிரி நீண்ட மணல். எல்லாத் தூண்களிலும் மணல் ஒரே பக்கம்தான். “இழுத்து ஓடுற ஆறுதான் தூணுக்குப் பின்னால இப்பிடி மண் போடும். இஞ்ச தண்ணி கடலோட ஏறும், இறங்கும். ஒரு பக்கமா மண் விடாது. கரையிலயும் பாருங்க, ஒரு கண்டல் மரம் இருக்கா?”

இல்லைதான். புல்லும் மணலும், தூரத்தில் ரெண்டு மாடும். நானும் நண்பனும் அந்தப் படத்தை எத்தனை தரம் பெரிதாக்கிப் பார்த்திருப்போம்! இரும்புச் சட்டங்கள் குறுக்கே போகிற விதம், ஆணி வரிசை, எஞ்சின் மூக்கு எல்லாம் பார்த்தாயிற்று, தண்ணீரைத் தவிர. மதுறு ஓயாவின் தண்ணீர் வந்து சேர்ந்தாலும் ஓட்டமாவடிப் பாலம் நிற்கிற வாழைச்சேனைப் பக்கம் கடைசியில் வாவிதான். மணல் திட்டோடு அகலமாக இழுத்து ஓடுவது மன்னம்பிட்டிப் பாலத்தின் கீழே போகிற மகாவலி. ஆகவே மன்னம்பிட்டி.

தன் சின்ன வயதில் இந்தப் பாலத்தில் கோச்சிக்காகக் காத்து நின்ற லொறிகளைப் பற்றியும் காக்கா சொன்னார். சாரதிகள் இறங்கி வந்து மீன் விலை கேட்பார்களாம். கோச்சி சுணங்கினால் தங்களுக்கு வியாபாரம் என்று சிரித்தார்.

ஜூலை 13, ஞாயிறு

ரெண்டு படம் சுலபமாக முடிந்தது. ஒன்றில் நீராவி எஞ்சின், பக்கத்தில் கார். காரின் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து. அது 1957இல் வந்தது, எங்கள் பக்கத்தில் அதற்கு எவ்வளவு எதிர்ப்பு என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள். வந்த ஆத்திரம் வேறு, இன்றைக்கு அந்த எழுத்துத்தான் படம் 1957க்கு முந்தியது இல்லை என்று சொல்லித் தருகிறது.

மற்றதில் ஸ்டேசன் மேடை. பின்னால் தென்னைகள், ஒன்றுக்கும் தலை இல்லை. மட்டக்களப்பான் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை: 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு எடுத்தது.

ஜூலை 15, செவ்வாய்

அக்கரைப்பற்று நண்பர் வந்திருந்தார். ‘கல்ஓயா’ என்று எழுதிய படத்தைக் கண்டதும், “இது எங்கட ஊர் ஆறு” என்று உரிமை கொண்டாடினார். அம்பாறை மாவட்டத்தில் கோச்சிப் பாதையே இல்லை என்பதை அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. இங்கினியாகலையில் மறித்து சேனாநாயக்க சமுத்திரம் ஆக்கிய கல்ஓயா வேறு. படத்தில் இருப்பது கல்ஓயா சந்தி. மாகோவிலிருந்து வருகிற பாதை திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பிரிகிற இடம். இந்தப் பெப்ரவரியில் மீனகயா கோச்சி மோதி ஆறு யானைகள் செத்தது அந்தப் பகுதியில்தான்.

படம் அருமை. மேடையில் நிற்கிறவர் பிரம்பு வளையத்தைத் தூக்கிப் பிடிக்க, ஓடுகிற எஞ்சினிலிருந்து சாரதி கையை நீட்டுகிறார். வளையத்தில் தொங்கும் தோல் பைக்குள் டெப்லட், அதாவது பாதையில் போக அனுமதி தரும் தகடு. ஒற்றைத் தண்டவாளத்தில் அது கையில் இல்லாமல் அடுத்த ஸ்டேசனுக்குப் போகமுடியாது. இரண்டு கைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. வளையம் கைமாறியதா, கீழே விழுந்ததா என்று நண்பர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஜூலை 17, வியாழன்

மாமியிடம் அல்பத்தைக் கொண்டுபோய் மணல் நாக்கையெல்லாம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். “அது கல்லடிதான் மனே, எங்கட அம்மா எழுதின எழுத்து” என்றார். சரி, அம்மாவின் எழுத்தை அழிக்க நான் யார்? அதற்குக் கீழே ‘மன்னம்பிட்டி, 1975க்கும் 2007க்கும் இடையில்’ என்று பென்சிலால் சின்னதாக எழுத மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 18, வெள்ளி

பிடிபடாமல் இருப்பது ஒரே ஒரு படம். மேலே கூடு இல்லாத சின்னப் பாலம், ஓரத்தில் பனைகள், கீழே தாமரை இலை மூடிய தண்ணீர். உப்பு நீரில் தாமரை வராது, அதனால் வாவி ஓரம் இல்லை, குளத்தண்ணீர் வந்து வடிகிற இடம். ஏறாவூருக்கும் புணானைக்கும் இடையில் எங்கோ என்பது நண்பனின் கட்சி. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாளைக் காலை உதய தேவி கோச்சியில் வெலிகந்தை வரை போய்ப் பார்ப்பதாக முடிவு. ஆளுக்கொரு பக்க ஜன்னல், போகும்போது ஒருவர் இடம், மற்றவர் வலம். கோச்சி பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்டவுடனே படம் எடுக்கவேண்டும், இல்லையென்றால் தண்ணீர் தாண்டிப் போய்விடும். சனிக்கிழமை என்பதால் கூட்டம் இருக்கும். வெள்ளெனப் போனால்தான் ஜன்னல் கிடைக்கும்.