நான்கு மணி முதல் எட்டரை மணி வரை

திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகள் பெருமளவில் படிக்கும் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியை. உடல்பருமன் தடுப்பு வேலையை இங்கே தொடங்கலாம் என்று பேச்செடுத்தபோது, மெலிந்து கிடக்கும் பிள்ளைகளுக்கு நடுவே இது எதற்கு என்று ஆசிரியர் அறையிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒரே வகுப்பில் மெலிவும் பருமனும் சேர்ந்தே இருக்கக்கூடும் என்பதால், முதலில் அளந்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

கிலோ கணக்கிலான எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை குறியீடு. அதற்குப் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு பிள்ளைகளுக்குப் பொருந்தாது. 5 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, அந்தந்த வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய நடு அளவிலிருந்து ஒரு திட்ட விலக்கத்தை (பிள்ளைகளின் அளவுகள் நடுவிலிருந்து பொதுவாக விலகி நிற்கும் தூரம்) மேலே தாண்டினால் அதிக எடை, இரண்டைத் தாண்டினால் உடல்பருமன், கீழ்ப்பக்கம் இரண்டைத் தாண்டி இறங்கினால் மெலிவு. எடைக் கருவியைப் பீரோவுக்குப் பின்னால் வைத்து, ஒவ்வொருவராக அழைத்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் பதிவேட்டில் குறித்தோம். கருவியிலிருந்து இறங்கிய மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "டீச்சர், நான் பாஸுங்களா?" என்று கேட்டாள். பருத்த பிள்ளைகளை மட்டும் தனியே நிறுத்தி அறிவுரை சொல்வது கேலிக்குத்தான் வழிவிடும் என்பதால், செய்த ஏற்பாடுகள் எல்லாவற்றையும் அனைவருக்கும் பொதுவாகவே வைத்தோம்.

பள்ளியில் கிடைக்கும் உணவில் பெரிதாகக் குறையில்லை. ஐந்தாம் வகுப்பு வரை காலையில் உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ கிடைக்கிறது. மதியச் சத்துணவில் முட்டை இருக்கிறது. வாயிலுக்கு வெளியேதான் சிக்கல். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. ஆனால் எதிரே பெட்டிக்கடை வைத்திருப்பவர் எங்கள் மாணவன் ஒருவனின் பாட்டி. புகார் எழுதி அவருடைய பிழைப்பில் கை வைக்க எவருக்கும் மனம் வரவில்லை. பாக்கெட் சரக்கைக் கம்பெனி ஆள் கடனுக்குப் போட்டுவிட்டுப் போகிறார், விற்காததைத் திருப்பியும் எடுத்துக்கொள்கிறார். கொய்யாவும் சுண்டலும் மிஞ்சினால் நட்டம் பாட்டிக்குத்தான். அதனால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, மிஞ்சும் சுண்டலை ஆசிரியர்களே வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டோம். வேகவைத்த கடலைக்காய் வைத்த நாளில் மிச்சமே இருக்கவில்லை. கலர் பாட்டில்களை முன்வரிசையிலிருந்து எடுத்துவிட்டார். மிட்டாய் டப்பாக்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் நேரம்தான் என்பது பெற்றோருடன் பேசிய பிறகே விளங்கியது. கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போகும் தாய் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும் பிள்ளை, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, கைபேசியும் பத்து ரூபாய்ப் பாக்கெட்டுமாக உட்கார்ந்துவிடுகிறது. தெருவில் டெம்போக்கள் ஓடிக்கொண்டிருப்பதால் வெளியே விடவும் பயம். "சனிக்கெழம சம்பளம் வாங்குனா பையனுக்கு வேற என்னத்தங்க டீச்சர் குடுக்கறது? கூட இருக்கறதுக்குத்தான் முடியறதில்லையே" என்றார் ஒரு தாய். இன்னொருவர், பூசினாற்போல இருந்தால்தான் நன்றாக வளர்ப்பதாக ஊர் ஒப்புக்கொள்ளும் என்றார். இவர்களிடம் துரித உணவின் தீமைகளைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவதில் பொருளில்லை என்பதே என் கருத்து.

ஆகவே பள்ளி மைதானத்தை மாலை ஆறு மணி வரை திறந்து வைக்கத் தீர்மானம் போட்டோம். பொறுப்பு யாருடையது, பிள்ளை விழுந்து கையை உடைத்துக்கொண்டால் யார் பதில் சொல்வது என்று பல கூட்டங்கள் இழுத்தன. இல்லம் தேடிக் கல்வி மையத்தில் தன்னார்வலராக இருந்த பக்கத்துத் தெருப் பெண்மணி சாவியை வாங்கிக்கொள்ள முன்வந்த பிறகே காரியம் நகர்ந்தது. நொண்டி, கபடி, கயிறு தாண்டல் என எதுவானாலும் சரி. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதில் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடுகிறது. கணக்குப் பாடத்துக்காகப் பறிபோய்க்கொண்டிருந்த விளையாட்டுப் பாடவேளையை மீட்பது இதைவிடக் கடினமாக இருந்தது. இன்னமும் முழுதாகக் கைக்கு வரவில்லை.

எடை குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வளரும் பிள்ளைக்கு எடை குறைய வேண்டும் என்ற கட்டாயமில்லை, உயரம் கூடும்போது எடை அதே இடத்தில் நின்றாலே பல பிள்ளைகளுக்குப் போதும். இப்போது எங்கள் முன்னால் இருப்பது மே மாதம். சத்துணவும் இல்லை, வாயிலும் பூட்டியிருக்கும். கோடையிலும் மைதானத்தைத் திறக்க அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வர வேண்டியிருக்கிறது.