ஒற்றைக் கையில் வந்த தங்கம்

சுவீடனின் பனி ஹாக்கி வீரர் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் என்றாலே 1994 பிப்ரவரி 27, லில்லஹாமர் ஒலிம்பிக் இறுதிப்போட்டிதான். சுவீடன் 2, கனடா 2. ஆளுக்கொருவராகக் கோல்காப்பாளரைத் தனியே எதிர்கொள்ளும் பெனால்டி ஷாட்டிலும் சமன். ஏழாவது சுற்றில் வந்த ஃபோர்ஸ்பெர்க்குக்கு வயது 20.

அந்த அடி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அவர் மட்டையை இடப்பக்கம் பிடித்து அடிப்பவர், இடக்கை கீழே, வலக்கை மேலே. பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) தன் இடப்புறம் அகலமாக இழுத்துப் போகிறார். உடம்பும் அங்கேயே சாய்கிறது. கனடாவின் கோலி (கோல்காப்பாளர்) கோரி ஹிர்ஷ் அதை நம்பி அந்தப் பக்கம் சறுக்குகிறார். பனியில் சறுக்கத் தொடங்கினால் உடனே நிற்க முடியாது, சூட்சுமமே அதுதான். அந்த நொடியில் கீழ்க்கையை விடுகிறார். மட்டையின் மேல்நுனியில் வலக்கை மட்டும். கை எட்டும் தூரம் கூடுகிறது, பக் பின்னால் விட்டுவந்த வலப்புறத்துக்குத் திரும்பி, கோலியின் கையுறைக்கு அடியில் உள்ளே போகிறது.

கோலி பொறுமையாக நின்றுவிட்டால் கதை முடிந்தது: கோல் கம்பம் நெருங்கிவிடும், கோணம் இருக்காது, ஒற்றைக் கையில் வேகமும் வராது. 1989 உலகப் போட்டியில் கென்ட் நில்சன் இதே அடியை அடித்திருந்தார். லில்லஹாமரில் அடுத்து வந்த கனடாவின் பால் கரியாவை சுவீடன் கோலி டோமி சாலோ தடுத்தார், தங்கம் சுவீடனுக்கு. மறு ஆண்டே அந்த அடிக்கு சுவீடனில் அஞ்சல்தலையும் வந்தது.

பிறகு வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் கொலராடோ அணியுடன் 1996, 2001 ஸ்டான்லி கோப்பைகள் (லீக்கின் சாம்பியன் பட்டம்), 2002-03இல் 106 புள்ளிகளோடு (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருது, 2006இல் டுரினில் இரண்டாம் ஒலிம்பிக் தங்கம். என்.எச்.எல்.லில் மொத்தம் 708 ஆட்டங்களில் 885 புள்ளிகள். இன்னும் எவ்வளவோ சேர்த்திருப்பார், கணுக்கால் விடவில்லை. 2011இல் திரும்பி வந்து இரண்டே ஆட்டங்களோடு ஓய்வு. அது இன்றும் வலிக்கிறது.