ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி

என் மகனுக்கு வயிற்றுவலி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்ப ஆரம்பிக்கும். இது எனக்குப் பிடிபட நாலு மாதம் ஆனது. அதுவரை வயிற்றைத்தான் பார்த்தேன், கிழமையைப் பார்க்கவில்லை.

ஈரோட்டுப் பக்கம் எட்டுத் தறி ஓட்டுகிறேன். பையனுக்கு 13 வயது, எட்டாவது படிக்கிறான். ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். குடலேற்றம் என்று சொல்லி என் அம்மா விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டார். ஒரு நாள் தேவலாம் என்றான். அப்புறம் பூச்சி மாத்திரை, கேஸ் மாத்திரை. ஸ்கேன் எடுத்ததில் வயிற்றுக்குள் நெறி கட்டியிருக்கிறது என்று ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். குடல்வாலாக இருக்குமோ என்று வேறோர் இடத்தில் இன்னொரு ஸ்கேன். நடுவில் மந்திரித்துக் கயிறும் கட்டினோம். செப்டம்பர் முடிவதற்குள் 14,000 ரூபாய் செலவு, 31 நாள் லீவு.

நாலாவதாகப் பார்த்த குழந்தை மருத்துவர் வயிற்றில் கை வைப்பதற்கு முன்னால் கேள்விகள் கேட்டார். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலியா? எடை குறைந்திருக்கிறதா? மலத்தில் ரத்தம் உண்டா? லீவு நாளில் வலிக்கிறதா? முதல் மூன்றுக்கும் இல்லை என்றோம். கடைசிக் கேள்விக்கு என் மனைவிதான் பதில் சொன்னாள். "காலாண்டு லீவு ஒன்பது நாளும் வலியே இல்லீங்க டாக்டர்." மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை மூன்று வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். என் பையன் என்ன பைத்தியமா என்று கோபம். மனைவியிடம்கூட, அந்தம்மாவுக்கு வைத்தியம் தெரியவில்லை என்று சொன்னேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை காலை யூனிபார்மோடு கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். கையைப் பிடித்து இழுத்தேன், அறைந்தும்விட்டேன். அன்று ராத்திரி பட்டறையில் தறியை நிறுத்திவிட்டு 14416-க்குப் போன் போட்டேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் அது. எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் என்னைத் திட்டவில்லை. அறைந்ததையும் அவரிடம் சொன்னேன். மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் எங்கள் தாலுகா அரசு மருத்துவமனைக்கு வருகிற நாளை விசாரித்துக்கொண்டு போங்கள் என்றார். அப்படியொருவர் வருவதே எனக்கு அதுவரை தெரியாது.

அங்கே மருத்துவர் முதலில் பையனோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். எங்களை வெளியே அனுப்புவதற்கு முன் எங்கள் எதிரிலேயே அவனிடம், "தம்பி, நீ சொல்றதை அப்பா அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்துங்கிற மாதிரி ஏதாவது இருந்தா மட்டும், உன்கிட்ட சொல்லிட்டு, அவங்ககிட்ட சொல்லுவேன்" என்றார். நாற்பது நிமிடம் ஆனது. நாலு மாதத்தில் என்னிடம் அவ்வளவு நேரம் அவன் பேசியதில்லை.

பிறகு அவன் சம்மதத்தோடு எங்களுக்குத் தெரிந்த விஷயம் இதுதான். ஏழாவது படிக்கும்போது வகுப்பில் ஒரு நாள் வாந்தி எடுத்திருக்கிறான். பெஞ்சு, பக்கத்துப் பையனின் நோட்டு எல்லாம் நாறிவிட்டது. அன்றிலிருந்து அவனுக்குப் பேரே 'வாந்தி'. திரும்ப எடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் காலைச் சாப்பாட்டை நிறுத்தினான். காலி வயிறு, அதில் பயம், பயத்தில் வயிற்றுப் பிசைவு, பிசைந்ததும் வாந்தி வரப்போகிறது என்று இன்னும் பயம்.

இன்னொன்றும் இருந்தது. சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா என்று மருத்துவர் நேராகவே கேட்டிருக்கிறார். காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று சில நாள் நினைத்ததாகச் சொல்லியிருக்கிறான். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எங்களிடம் அதைச் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது. "ஏனுங்க டாக்டர், இப்படிக் கேட்டா இல்லாத நெனப்பு வந்துறாதுங்களா?" என்றேன். கேட்பதால் வராது, கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பாரம்தான் குறையும் என்றார். வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. மஞ்சளுக்கு அடித்த மருந்து மீதி திண்ணையிலேயே இருந்தது. அன்றைக்கே அதை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தினேன். அம்மாவின் பிரஷர் மாத்திரையெல்லாம் பீரோவுக்குள் போனது, சாவி என் இடுப்பில்.

வலி நடிப்பில்லை என்பதை மருத்துவர் மூன்று முறையாவது சொல்லியிருப்பார். பயந்தால் குடல் நிஜமாகவே இறுகும், பரீட்சைக்கு முன் கழிவறைக்கு ஓடாதவர் உண்டா என்றார். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், பேச்சும் பயிற்சியுமாகப் பார்ப்போம், போதவில்லையென்றால் யோசிக்கலாம் என்று அந்தக் குழுவில் இருந்த உளவியலாளரிடம் அனுப்பினார்.

எனக்குப் பாடம் அவரிடம்தான். பையனுக்கு நான் செய்யும் உதவிகளையெல்லாம் எழுதச் சொன்னார். பெருமையாகத்தான் எழுதினேன். கேட்ட உடனே லீவு லெட்டர். பையில் எப்போதும் பாலிதீன் கவர். "வாந்தி வருமாப்பா?" என்று ராத்திரி முப்பது தடவை கேட்டால் முப்பது தடவையும் "வராது சாமி". அவர் படித்துப் பார்த்துவிட்டு, இதில் பயத்துக்கு எவ்வளவு தீனி போட்டிருக்கிறீர்கள் பாருங்கள் என்றார். லீவு போட்டதும் வயிறு லேசாகிறது. பள்ளிக்கூடம் ஆபத்து, தப்பித்தோம் என்று மூளை குறித்துக்கொள்கிறது. அடுத்த நாள் பயம் இன்னும் சீக்கிரம் வரும். அறைந்து இழுத்துப் போவதும் உதவாது, ஒளித்து வைப்பதும் உதவாது. இனி கேட்டால் ஒரே ஒரு முறை, "வந்தாலும் சமாளிச்சுக்கலாம்" என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். 'வராது' என்று சொல்லக் கூடாது. அதைச் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு இருக்கிறதே!

பிறகு படிக்கட்டு போட்டார்கள். எது எவ்வளவு பயம் என்று பையனே பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எண் கொடுத்தான். சனிக்கிழமை யூனிபார்ம் போட்டு வீட்டில் உட்காருவது 2. பள்ளி வாசலில் நிற்பது 4. நூலகத்தில் ஒரு மணி நேரம் 6. வகுப்பில் முதல் பீரியட் 8. பள்ளியில் டிபன் சாப்பிடுவது 10. ஒரு படியில் பயம் பாதியாகக் குறையும் வரை அங்கேயே நிற்க வேண்டும், ஓடக் கூடாது. முதல் நாள் வாசலில் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி 35 நிமிடம் நின்றோம். "எத்தனை?" "ஏழு." "இப்போ?" "ஏழேதான்." "இப்போ?" "அஞ்சு இருக்கும்பா." தறியில் பாவு நூல் பிணைக்க ஆள் வந்து காத்திருந்தார், போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

பள்ளியில் முதலில் டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரிதான் பேசினார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டிய பிறகு வகுப்பாசிரியர் ஒத்துழைத்தார். கதவோரம் இடம், கேட்காமலே வெளியே போய்வர அனுமதி. பட்டப்பேர் வைத்தவர்களைத் தனியாகக் கூப்பிட்டும் பேசினார். ஆறு வாரம் கழித்து அந்தக் கதவோர இடத்தையும் மாற்றச் சொன்னார் உளவியலாளர். அதுவும் ஒரு பாலிதீன் கவர்தானாம்.

டிசம்பரில் முழு நாள் போக ஆரம்பித்தான். அரையாண்டு லீவு முடிந்ததும் பழையபடி கட்டிலடி. நான் உடைந்துபோனேன். மருத்துவரும் உளவியலாளரும் எதிர்பார்த்தது போலத்தான் இருந்தார்கள். நீண்ட லீவுக்குப் பின் இது சகஜம், இரண்டு படி இறங்கி ஏறுங்கள் என்றார்கள். இந்த முறை நாலே நாளில் ஏறிவிட்டான்.

பிப்ரவரியில் மைசூருக்குச் சுற்றுலா. சத்தியமங்கலம் தாண்டித் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. அவனே பேர் கொடுத்துவிட்டு வந்தான். கவர் வைக்கட்டுமா என்று வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் ராத்திரி பதினோரு மணிக்கு பஸ் வந்தது. இறங்கினவன் பையை என் கையில் கொடுத்துவிட்டு, "வாந்தி எடுத்துட்டேன்பா" என்றான்.

"எங்க சாமி?"

"பன்னெண்டாவது வளைவுல. மொத்தம் ஆறு பேரு. சாரும்தான்." அப்புறம், வீட்டில் தோசை மாவு இருக்கிறதா என்று கேட்டான்.