அம்மாவின் மஞ்சள் கோப்பை

போன ஆவணியில் அண்ணா ஹெல்சிங்கியில் இருந்து வந்தபோது, உடுப்புகளுக்கு நடுவே சுற்றி ஒரே ஒரு கோப்பை கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் சோறு சாப்பிடும் தட்டு. நல்ல மஞ்சள் நிறம். பூ இல்லை, தங்கக் கோடு இல்லை. அங்கே பழைய சாமான் விற்கும் கடையொன்றில் கண்டு வாங்கினாராம்.

அம்மா அதைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ‘அரபியா’ என்று முத்திரை.

“அரபு நாட்டுச் சாமானோ தம்பி?”

“இல்லையம்மா, பின்லாந்துச் சாமான்தான். ஹெல்சிங்கியில அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்துக்குப் பேரே அரபியா.”

“ஒண்டுதானோ வாங்கினனி? செற்றாக் கிடைக்கேல்லையோ?”

அண்ணாவிடம் அதற்குப் பதில் இல்லை. நான் மனையியல் படிப்பிக்கிறவள், எனக்கும் தெரியவில்லை. இரவு இருந்து தேடியபோதுதான், அம்மா கேட்ட கேள்விக்கு எழுபது வருடங்களுக்கு முன்பே ஒருவர் யோசித்துப் பதில் செய்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. அவருடைய பெயர் கை பிராங்க், பின்லாந்து வடிவமைப்பாளர். தமிழில் நாங்கள் சொல்லும் ‘கை’ போலத்தான் உச்சரிக்க வேண்டும். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

1911இல் வீபோர்க் நகரத்தில் பிறந்தவர். 1932இல் ஹெல்சிங்கியில் தளபாட வடிவமைப்புப் படித்து முடித்தார். 1945இல் அரபியாவில் சேர்ந்து, 1950இல் அதன் கலை இயக்குநர் ஆனார். அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் பின்லாந்து இருந்த நிலையை வாசித்தபோது நெஞ்சு கனத்தது. போர் முடிந்தபோது அவர் பிறந்த வீபோர்க்கும், கிழக்கு எல்லைப் பகுதியான கரேலியாவின் பெரும்பகுதியும் சோவியத் ஒன்றியத்தின் கைக்குப் போயிருந்தன. 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் வீடு வளவை விட்டுவிட்டு வந்து, எஞ்சிய நாட்டுக்குள் புதிதாகக் குடியேறியது. சின்னச் சின்ன வீடுகள். சாமான் வைக்க இடமில்லை, வாங்கக் காசும் இல்லை.

ஆனால் பீங்கான் கடையில் விற்றது என்ன? பன்னிரண்டு பேருக்கான விருந்துச் செற். சூப்புக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று, குழம்புக்கு மூக்கு வைத்த கிண்ணம் என்று நீளும். ஒன்று உடைந்தால் செற் குறைந்துவிடும். பிராங்க் அந்தச் செற்றையே உடைத்தார். 1953இல் ‘கில்டா’ என்ற பெயரில் வந்தவற்றில் எதையும் தனியாக வாங்கலாம். இன்றைக்கு ஒரு கோப்பை, அடுத்த சம்பளத்துக்கு ஒரு கிண்ணம். வட்டம், சதுரம், நீள்சதுரம், இவ்வளவுதான் வடிவங்கள். வெள்ளை, கறுப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று எந்த நிறத்தோடு எந்த நிறத்தை வைத்தாலும் பொருந்தும். அடுப்பில் வேகவைத்த பாத்திரத்தையே மேசைக்குக் கொண்டுவரலாம். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்துவிடலாம்.

அதில் பாலாடைக்கு ஒரு சின்னக் குவளை உண்டு. குளிர் நாடென்றபடியால் அங்கே யன்னலுக்கு இரண்டு கண்ணாடி. நடுவே ஒடுக்கமான இடைவெளி. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் பால் பழுதாகாமல் இருக்க அந்த இடைவெளியில்தான் வைப்பார்கள். அதற்குள் நுழையும் அளவுக்கு மெலிதாக அந்தக் குவளையை வடிவமைத்தார். இதை வாசித்ததும் எனக்கு எங்கள் பழைய குசினியில் தொங்கிய உறி நினைவுக்கு வந்தது. பூனைக்கு எட்டாமல், காற்றுப் பட, கை நீட்டினால் எட்டும் உயரத்தில் தொங்கும். குசினிக்குள் நின்று பார்த்தவர்களுக்குத்தான் இப்படி யோசனை வரும்.

அம்மாவிடமும் ஒரு செற் இருந்தது. கலியாணத்துக்குக் கொழும்பு மாமி கொடுத்தது. ரோசாப்பூப் போட்டு, விளிம்பில் தங்கக் கோடு ஓடும். முன்னறைக் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும். நாங்கள் அதில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் கொழும்பு ஆட்களுக்கும் மட்டும் எடுப்பார். மற்றபடி தை மாதத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, திரும்ப அடுக்குவோம். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்பது கட்டளை.

1995 ஒக்டோபர் 30. அன்று இரவு போர் நெருங்க யாழ்ப்பாணம் முழுக்க எழும்பி நடந்ததை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. அந்த மழையில் நடந்தவர்களுக்குத் தெரியும். கொக்குவிலில் இருந்து நாவற்குழிப் பாலம் தாண்டுவதற்கே விடிந்துவிட்டது. அம்மா எடுத்தது ஒரு சருவச்சட்டி, இரண்டு எவர்சில்வர் கோப்பை, அம்மம்மாவின் மூக்குப் பேணி. சாவகச்சேரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் ஏழு பேர் அந்த இரண்டு கோப்பையில் மாறி மாறிச் சாப்பிட்டோம். சின்னவர்கள் முதலில், பிறகு அப்பா, கடைசியில் அம்மா. ஒவ்வொருவர் சாப்பிட்டு முடிய, அடுத்தவர் கழுவிக்கொண்டுவந்து நீட்டுவோம்.

அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அலுமாரிக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. மிஞ்சியது இரண்டு சோசரும் சீனிக் கிண்ணத்தின் மூடியும். கிண்ணம் இல்லாத அந்த மூடியை அம்மா கனகாலம் எறியாமல் வைத்திருந்தார். அந்தப் பூவில் ஒரு கோப்பை வாங்கலாமா என்று கேட்டு யாழ்ப்பாணக் கடைகளில் ஏறி இறங்கினோம். வாங்கினால் முழுச் செற்தான் வாங்க வேண்டும், தனியாக இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு அம்மா பீங்கான் வாங்குவதையே விட்டுவிட்டார்.

அதனால்தான் ‘தனியாக வாங்கலாம்’ என்ற விசயம் எனக்குப் பெரிய விசயமாகப் படுகிறது. வீடிழந்து வந்தவளுக்கு ஒரு கோப்பையும் கௌரவமான முழுச் சாமான்தான் என்று ஒருவர் மண்ணில் வடித்துக் காட்டியிருக்கிறார்.

கண்ணாடியிலும் அவருக்குப் பெரிய பெயர் உண்டு. 1793இல் தொடங்கிய நூத்தாயார்வி கண்ணாடித் தொழிற்சாலையில் நீண்டகாலம் வேலை செய்தார். 1958இல் அவர் செய்த ‘கார்த்தியோ’ கிளாஸ் இன்றும் விற்பனையில் இருக்கிறது. பின்னிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கூம்பு என்று பொருள். அடியில் ஒடுங்கி மேலே விரியும் நேர்க்கோடு தவிர அதில் வேறொன்றும் இல்லை. வடிவமைப்புக்கான பெரிய விருதுகளான லன்னிங் பரிசு 1955இலும், இத்தாலியின் கொம்பாசோ தோரோ 1957இலும் கிடைத்தன.

இவ்வளவு பெயர் எடுத்த பிறகு, 1960களில் அவர் ஒரு நிலைப்பாடு எடுத்தார். நாளாந்தம் புழங்கும் சாமானை வடிவமைப்பாளரின் பெயரைச் சொல்லி விற்கக் கூடாது, சாமான் தன் உபயோகத்தால் நிற்கட்டும் என்று வாதாடினார். இதை வாசித்துவிட்டுக் குசினிக்குப் போய் மூக்குப் பேணியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பித்தளை. வயிறு அகன்று கழுத்து ஒடுங்கி, பக்கத்தில் சின்ன மூக்கு. அண்ணாந்து வாயில் படாமல் ஊற்றிக் குடிக்க, தண்ணீர் நூல் மாதிரி இறங்கும். ஒரு துளி சட்டையில் சிந்தாது. யார் செய்தது? எந்தக் கன்னாருக்கு இந்த யோசனை முதலில் வந்தது? ஒருவருக்கும் தெரியாது. பிராங்க் விரும்பிய இடத்தில் எங்கள் பேணி எத்தனையோ தலைமுறையாக இருக்கிறது.

கில்டாவின் உற்பத்தி 1970களின் நடுப்பகுதியில் நின்றது. 1981இல் அதே வடிவங்கள் இன்னும் உறுதியான மண்ணில் ‘தீமா’ என்ற பெயரில் திரும்ப வந்தன. 1989இல், கிரேக்கத்தின் சந்தோரினித் தீவில் இருந்தபோது, பிராங்க் காலமானார். அவருடைய பழைய கில்டாவை இப்போது ஆட்கள் சேகரித்துக் கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கிறார்களாம். எனக்கு அது கவலையாகத்தான் இருக்கிறது.

அம்மாவும் முதல் இரண்டு கிழமை அப்படித்தான் வைத்திருந்தார். பிறகு ஒருநாள் நானே எடுத்து, பிட்டும் மீன்குழம்பும் போட்டுக் கொடுத்தேன். எங்கள் பீங்கான்களுக்கு அகலமான தட்டை விளிம்பு உண்டு. குழம்பு அதில் ஏறிப் பரவும். இதற்கு அந்த விளிம்பு கிடையாது. அடி முடியும் இடத்தில் ஓரம் நேரே எழும்பி நிற்கிறது. கடைசிப் பிட்டை விரலால் தள்ளிக்கொண்டு போனால் ஓரத்தில் முட்டி விரலுக்குள் வந்து சேர்ந்துவிடும். கரண்டிக்காரர் செய்த கோப்பை கைக்கும் இவ்வளவு வசதியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, வழித்துச் சாப்பிட்டார்.

இப்போது அது குசினியிலேயே கிடக்கிறது. காலையில் அம்மா அதில் இடியப்பம் சாப்பிடுவார். மத்தியானம் கழுவி, சொதிச் சட்டிக்கு மேலே கவிழ்த்து மூடுவார், அளவாகப் பொருந்துகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணா கோல் எடுத்தபோது அம்மா போனை என் கையில் இருந்து வாங்கினார்.

“தம்பி, அடுத்தமுறை வரேக்க பச்சையில ஒண்டு கொண்டுவா.”

செற்றாகப் பார்க்கட்டோ என்று அண்ணா கேட்டிருக்க வேண்டும்.

“வேண்டாம் தம்பி. ஒண்டு காணும்.”