பொறுப்பு ஒப்படைத்த மாதம்

கிராம சுகாதார செவிலியர் ஓய்வு பெற்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சால்வை போடுவார்கள், நாலு பேர் பேசுவார்கள், போட்டோ எடுப்பார்கள். எனக்கும் நடந்தது, சந்தோஷம்தான். ஆனால் நான் விடைபெற வேண்டியது ஊரிடம். சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு, அதற்கு ஒரு மேடை போதாது. என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை, பக்கத்து நிலையத்து சிஸ்டருக்குத்தான் கூடுதல் பொறுப்பு. அதனால் கடைசி மாதம், நேரம் கிடைத்தபோதெல்லாம் அவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக நடந்தேன்.

பிக்மி நம்பர் என்கிற கர்ப்பிணிப் பதிவு எண், ரத்த அளவு, 6, 10, 14 வாரத்துத் தடுப்பூசியில் யாருக்கு எது பாக்கி, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகையில் யாருக்கு எந்தத் தவணை வரவில்லை, எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுக்க அரை நாள் போதும். மேலத்தெருவில் ஒரு வீட்டில் சத்து மாத்திரையை மருமகளிடம் கொடுத்தால் அலமாரியில் கிடக்கும், மாமியாரிடம் கொடுத்தால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பக்கத்தில் நின்று விழுங்க வைத்துவிடுவார் என்பதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண்ணை அந்த ஊர் சிஸ்டருக்கு போன் போட்டுச் சொல்லாவிட்டால் நடுவில் பரிசோதனை விட்டுப்போகும், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைக் காலையிலேயே பிடித்தாக வேண்டும். இதெல்லாம் நடந்துகொண்டே சொன்னதுதான்.

ஒரு வீட்டில் நான் வேண்டுமென்றே திண்ணையோடு நின்றுவிட்டேன். சிஸ்டர் உள்ளே போய்த் தராசைத் தொங்கவிட்டு குழந்தையைத் தொட்டிலில் வைத்ததும் அது வீறிட்டது. அப்பத்தா என்னைப் பார்த்தார். கால் பரபரத்தது, ஆனாலும் போகவில்லை. "உனக்கு எந்த ஊரு தாயி, எத்தனை புள்ள?" என்று சிஸ்டரிடம் ஒரு பாடு விசாரணை நடத்திவிட்டு, அப்புறம் அப்பத்தாவே தொட்டிலைப் பிடித்துக்கொண்டார். கிளம்பும்போது சிஸ்டருக்குத்தான் முதலில் மோர் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் குழந்தையின் அம்மா, வீட்டுப் பிரசவம் சகஜமாக இருந்த நாளில் அதே வீட்டில் பிறந்தவள், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நான்தான் தொப்புள்கொடி கட்டினேன்.

ஓய்வு தேதி ரொம்ப நாள் முன்பே தெரிந்ததுதான். பழைய ஆளும் புது ஆளும் ஒரு பதினைந்து நாளாவது சேர்ந்து நடக்கும்படி ஆணை போட்டால் எவ்வளவோ நல்லது. களப்பணி பார்க்கிற எல்லாருக்கும், விஏஓவோ தபால்காரரோ, இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இப்போதும் போன் வருகிறது. என்ன பேர் வைத்தீர்கள், பால் குடிக்கிறதா என்று ஆசையாகக் கேட்பேன். மருந்து, ஊசி என்று ஆரம்பித்தால் மட்டும் சிஸ்டர் நம்பரைச் சொல்லிவிடுகிறேன். சில பேருக்கு வருத்தம், எனக்கும்தான்.