எங்க பாஸ்கெட்பால் மிஸ்

கோத்தகிரிப் பக்கம் பாஸ்கெட்பால் என்று பேச்செடுத்தாலே போதும், "அந்த மிஸ் என்னா ஆட்டம் ஆடுவாங்க தெரியுமா" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட், தமிழ்நாடு டீம், அதை வைத்துக் கிடைத்த வேலை என்று வரிசையாக வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் அவரிடம் பந்து பிடிக்கக் கற்றுக்கொண்ட எனக்கு அவர் ஆடியதைவிட எங்களை ஆட வைத்ததுதான் பெரிசு, அதை யாரும் எழுதின மாதிரி தெரியவில்லை. (பெயர் போடவே கூடாது என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டார். நம் ஆட்களுக்குப் பெயர் தேவையும் இல்லை.)

மிஸ் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழ்க் குடும்பம், அம்மா அப்பா இருவருக்கும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, வளர்ந்தது லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இந்தப் பொண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. அவர் ஆடியது பாயின்ட் கார்ட். பந்தைப் பார்க்காமலே தரையில் தட்டிக்கொண்டு வந்து, யார் எங்கே ஓடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து பாஸ் போடுகிற ஆள்.

இப்படி ஆடினவர் முதல் வருஷம் எங்களுக்கு நல்ல கோச்சாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இடது கை லே-அப் (ஓடிவந்து எழும்பி வளையத்துக்குப் பக்கத்திலிருந்து போடுவது) எப்படி என்று கேட்டால் ஓடிப்போய் போட்டுக் காட்டுவார், நாங்கள் வாயைப் பிளந்து கை தட்டுவோம், பிறகு நாங்கள் போட்டால் பந்து போர்டுக்குப் பின்னால் போய் விழும். "இதுகூடவா வராது?" என்று கோபம் வேறு. அவருக்குத் தானாக வந்த விஷயம், எங்களுக்கு ஏன் வரவில்லை என்று அவருக்குப் புரியவில்லை. நல்லா ஆடுறவங்க எல்லாம் நல்லா சொல்லிக் கொடுத்துடுவாங்க என்று இன்றைக்கும் பல பள்ளிகளில் நினைக்கிறார்கள், அது கிடையவே கிடையாது.

அப்புறம் லீவு போட்டுவிட்டு பட்டியாலாவுக்குப் போனார், என்.ஐ.எஸ். என்கிற தேசிய விளையாட்டு இன்ஸ்டிடியூட்டில் கோச்சிங் டிப்ளமா படிக்க. பழைய மோதிபாக் அரண்மனையில் நடக்கிற இன்ஸ்டிடியூட், மலைக்காரியான நானே அந்தக் குளிரில் நடுங்கிட்டேன் என்று வந்து சொன்னார். வந்தவர் வேற ஆள். பந்தே கொடுக்கவில்லை! தரையில் சாக்பீஸால் இரண்டு காலடி வரைந்து, இடது, வலது, எழும்பு என்று நடந்து நடந்து பழக வைத்தார். அது வந்த பிறகுதான் பந்து. இடது கைக்குப் பழகும்போது வலது கை தானாக உதவிக்கு வந்துவிடும் இல்லையா, அதற்கு வலது கையில் ஆளுக்கொரு உருளைக்கிழங்கைப் பிடிக்க வைத்துவிட்டார். கீழே போட்டால் மறுபடி முதலிலிருந்து. சில வாரத்தில் என்னைப் போன்ற மந்தமான கேஸுக்கே இடது கை வந்துவிட்டது. மேட்சில் ஒரு நிமிஷ டைம் அவுட் கிடைத்தால் மற்ற கோச்கள் பத்து விஷயம் கத்துவார்கள், இவர் ஒன்றே ஒன்றுதான் சொல்வார், அதுவும் மெதுவாக.

சமவெளியில் மேட்ச் என்றால் தனிக் கதை. மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் பாதிப் பேர் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி. அதோடு நாங்கள் மேலே காற்றடித்த பந்து கீழே போனதும் தொளதொளவென்று ஆகியிருக்கும், மலையில் காற்றழுத்தம் குறைவு, கீழே அதிகம், அதனால் வெளிக்காற்று பந்தை அமுக்கிவிடும். மிஸ் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன பம்ப் இருக்கும், அதன் ஊசியைத் தொலைக்காமல் இருக்க சேஃப்டி பின்னில் கோத்து துப்பட்டாவில் குத்தி வைத்திருப்பார். ஊசியை நாக்கில் நனைத்துச் செருகி, நாலு அடி அடித்து, தலை உயரத்திலிருந்து பந்தை விட்டுப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் எங்களை கோர்ட்டுக்குள் விடுவார்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான வேலை வீடுகளில்தான். ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு பொட்டப்புள்ள ஆடுறதா என்று எங்கள் லைனில் பெரிய சண்டை. மிஸ், பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டு முடிந்த நேரம் பார்த்து வந்து, வாசலில் உட்கார்ந்து, டீ குடித்து, பந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போவார். மறுபடி வருவார். மூன்றாவது தடவை அம்மாவே, "சரி டீச்சர், இருட்டறதுக்குள்ள அனுப்பிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார். இப்போது அந்த வேலை கொஞ்சம் சுலபமாம், காரணம் அனிதா பால்துரை. சென்னைப் பெண், 19 வயதில் இந்திய அணிக்கு கேப்டன், குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து 2017ல் பெங்களூரில் கஜகஸ்தானை இரண்டே புள்ளியில் ஜெயித்த அணியில் ஆடியவர், 2021ல் பத்மஸ்ரீ. செய்தித்தாளில் வந்த அனிதாவின் படத்தை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறார் மிஸ். "எங்கம்மாகிட்ட காட்டறதுக்கு அப்ப எனக்கு இப்படி ஒரு ஆள் இல்ல பாரு" என்றார்.

ரிட்டயர் ஆகியும் சனிக்கிழமை காலையில் கோர்ட்டில்தான் இருக்கிறார். மழைத் தண்ணியைச் சாக்கால் தள்ளிவிட்டு ஆடுகிறார்கள், இங்கே சிட்னியில் என் பெண் ஹீட்டர் போட்ட மரத்தளத்தில் ஆடுவதைப் பார்க்கும்போது கொஞ்சம் உறுத்தும்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போகிறவர்கள் பந்து வாங்கிப் போனால் ஆறாம் நம்பர் வாங்குங்கள். பெண்கள் ஆட்டத்துக்கு 2004லிருந்து அதுதான் அளவு, சுற்றளவு 72 செ.மீ. சொச்சம். நாமெல்லாம் பையன்களின் ஏழாம் நம்பரை வைத்துக்கொண்டு விரல் சுளுக்கிக்கொண்டது போதும். போன வருஷம் யாரோ ஆசையாகக் கொண்டுபோனதும் ஏழுதான், மிஸ் வாய்விட்டுச் சொல்லாமல் பையன்களுக்குக் கொடுத்துவிட்டார். காற்றை இறக்கிவிட்டால் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் அடங்கிவிடும். யார் எப்போது போகிறீர்கள் என்று சங்க வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள், எல்லாரும் ஒரே மாசத்தில் போய் நிற்க வேண்டாம்.