பலூனில் படிந்த ஈயம்: தானிய அறையில் ஒரு கதிரியக்கச் சோதனை

காங்கேயம் பக்கத்தில் இருக்கும் அம்முச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுத் தானிய அறையில், ரேடான் என்ற கதிரியக்க வாயுவைத் தேடும் சோதனை ஒருவழியாகக் கூடிவந்துவிட்டது. கருங்கல் சுவர், கல் தரை, ஒற்றைச் சன்னல். இதைவிடத் தோதான அறை கிடைக்காது. பாறையில் சிறிதளவு யுரேனியம் எப்போதும் உண்டு. அதன் வழித்தோன்றலான ரேடியம்-226 ஓர் ஆல்பா துகளை (ஹீலியம் அணுக்கருவை) உமிழ்ந்து ரேடான்-222 வாயுவாகிறது. அந்த வாயு கல்லிடுக்கு வழியாகக் கசிந்து மூடிய அறையில் தங்குகிறது. அதன் அரை ஆயுள், அதாவது இருக்கும் அணுக்களில் பாதி சிதைந்து வேறு தனிமமாக மாற ஆகும் நேரம், 3.8 நாள். அது சிதைந்து பிறக்கும் பொலோனியம், ஈயம், பிஸ்மத் மூன்றும் திண்மங்கள். தூசியில் ஒட்டிக்கொண்டு மிதக்கும்.

அவற்றைப் பிடிக்க ஒரு பலூன் போதும்; தேய்த்து மின்னூட்டம் ஏற்றினால் அவற்றைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். ஊதிக் கட்டி, கம்பளித் துணியால் நன்றாகத் தேய்த்து, விட்டத்தில் நூலால் தொங்கவிட்டுக் கதவையும் சன்னலையும் ஒரு மணி நேரம் சாத்தி வைத்தேன். மாசி மாத வறண்ட காற்றில் மின்னூட்டம் நன்றாக நிற்கிறது. மழைக்காலத்தில் இதைத் தொடங்கவே வேண்டாம். பிறகு காற்றை மெல்ல இறக்கி, சுருங்கிய ரப்பரை, கதிரியக்கத் துகள்களை எண்ணும் கருவியான கைகர் எண்ணியின் குழாய்மீது வைத்தேன். ஆல்பா துகள்கள் குழாயின் சுவரைத் தாண்டா. எண்ணப்படுபவை பெரும்பாலும் ஈயம்-214, பிஸ்மத்-214 இரண்டும் உமிழும் பீட்டா துகள்களே (வேகமான எலக்ட்ரான்கள்).

பலூன் இல்லாதபோதும் எண்ணி காட்டும் பின்னணி அளவு நிமிடத்துக்கு 24. அதைக் கழித்தபின் பலூனுக்குக் கிடைத்தது 160. நாற்பது நிமிடம் கழித்து 82, அடுத்த நாற்பதில் 35, அதற்கடுத்த நாற்பதில் 14. ஒரே வகை அணு மட்டும் சிதைந்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே விகிதம் மிஞ்ச வேண்டும். இங்கே மிஞ்சியது 51, 43, 40 விழுக்காடு. முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் இறங்குகிறது. இதுதான் என்னைக் கட்டிப்போட்டது. ஈயம்-214 பாதியாக 27 நிமிடமும், பிஸ்மத்-214 பாதியாக 20 நிமிடமும் ஆகும். ஈயம் சிதையச் சிதையப் பிஸ்மத் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கிறது. கீழே மடை திறந்திருந்தாலும் மேலே வாய்க்கால் தண்ணீர் வந்து விழும் குட்டையைப் போல. அதனால்தான் தொடக்கத்தில் அந்தத் தயக்கம். நேரம் போகப்போக வளைகோடு ஈயத்தின் 27 நிமிடக் கணக்கை, அதாவது நாற்பது நிமிடத்துக்கு 36 விழுக்காடு மிஞ்சும் நிலையை, நெருங்குகிறது.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று: ஒரே ஒரு நிமிடம் எண்ணி முடிவு கட்டாதீர்கள். கடைசி அளவீட்டில் பின்னணியோடு சேர்ந்து 38 வருகிறது. அதில் ஆறு கூடுவதும் குறைவதும் இயல்பு. எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் ஐந்து நிமிடச் சராசரிதான் எடுத்தேன்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் சிதைவையும் அணுக்கரு வினையையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். பலூன்மேல் இருந்த ஈயத்தை யாரும் எதனாலும் மோதவில்லை. அது தானாகவே மாறியது. வினைக்கோ மோதல் தேவை. 1919-இல் ரூதர்ஃபோர்டு நைட்ரஜனை ஆல்பா துகள்களால் தாக்கிப் புரோட்டான் வெளிவரக் கண்டார். நைட்ரஜன் ஆக்சிஜன்-17 ஆவதை முகில் அறையில் (துகள்களின் தடம் நீராவிக் கோடாகத் தெரியும் கருவியில்) படம்பிடிக்க, இயற்பியலாளர் பிளாக்கெட் சுமார் 23,000 படங்கள் எடுத்தார். அவற்றில் அகப்பட்டவை எட்டே நிகழ்வுகள். அந்த எட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

“இத்தனை வருசமாக இங்கேதான் சோளம் கொட்டி வைத்தோம், ஒன்றும் ஆகாதா கண்ணு?” என்று அம்முச்சி கேட்டார். சோளத்துக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அடைத்த அறையில் ஆண்டுக்கணக்கில் படுத்து உறங்குவது வேறு. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த பெரிய காரணம் ரேடான். சன்னலைத் திறந்து வைத்து அதே சோதனையை மறுபடி செய்தேன்: 160 வந்த இடத்தில் 30 சொச்சம். எவ்வளவு மின்னூட்டம் ஏறுகிறது என்பது தேய்ப்பைப் பொறுத்தது என்பதால், பலூனை வைத்து அறையில் உள்ள ரேடானின் அளவைச் சொல்லிவிட முடியாது. அடுத்து, சிறு மின்விசிறியின் முன் வடிதாளைக் கட்டிக் காற்றை உறிஞ்சிப் பார்க்கப் போகிறேன்.